அக்காவின் பெருவிரலும் ஐஸ் கட்டியும்

ஆடி மாதம் கோவிலில் கொடியேறிவிட்டால் எங்கள் தெருவில் ஒருத்தரையும் உட்காரவைத்துப் பேச முடியாது. எல்லாரும் நடக்கப் போய்விடுவார்கள். ஆடிச் சுற்று என்று பெயர். அம்மன் ஊசிமுனையில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறாள், அவளுக்குக் கால் வலிக்குமே, அந்த வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்வோம் என்று கோவிலைச் சுற்றிச் சுற்றி வெறுங்காலில் வருவார்கள். நூற்றுக்கணக்கில் நேர்ந்துகொண்டு, அம்மன் தவம் முடிந்து சாமி காட்சி கொடுக்கிற தபசு நாளுக்குள் முடிப்பார்கள். நான் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். உட்கார்ந்தே பழகின உடம்பு. "எனக்கு அம்மன் லீவு குடுத்துட்டா" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன்.

என் அக்கா தப்பிக்கிற ஜாதி இல்லை. மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகவேண்டும் என்று நேர்ந்திருந்தாள். ஆகிவிட்டது. எண்பதுகளின் ஆரம்பம் அது. அதற்கு முந்தின வருஷம்தான் அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்திருந்தார்கள். பாதம் மரத்தமாதிரி இருக்கிறது, ராத்திரியானால் உள்ளங்கால் எரிகிறது என்று புலம்புவாள். இந்தக் காலை வைத்துக்கொண்டு சுற்று வேண்டாம் என்று நானும் அத்தானும் மாறி மாறிச் சொன்னோம்.

"டாக்டர் நடக்கத்தான சொல்லிருக்காரு? நடக்கத்தான செய்யுதேன்" என்றாள். இவளிடம் பேசி யார் ஜெயிப்பது?

அந்தச் சமயத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு இயற்கை வைத்தியர் வந்து வீடு பிடித்திருந்தார். நாலைந்து சிமெண்டுத் தொட்டி கட்டி, கிணற்றுத் தண்ணீரை ராத்திரி முழுக்க மண்பானைகளில் குளிரவைத்து, வருகிறவர்களை அதில் உட்காரவைப்பார். வயிற்றுக்கு ஈரத்துணிப் பட்டி, தலைவலிக்கு மண்பட்டி, வீக்கத்துக்கு ஐஸ். ஊரில் அவருக்குத் 'தொட்டி டாக்டர்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. நானும் சேர்ந்து கேலி செய்தவள்தான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கணுக்கால் பிசகி, பூசணிக்காய் மாதிரி வீங்கின பிறகு வாயை மூடிக்கொண்டு அங்கே போனேன். துண்டை நாலாக மடித்து அதற்குள் ஐஸை வைத்துக் காலைச் சுற்றினார். வலி அடங்க அடங்க எனக்குத் தூக்கமே வந்துவிட்டது.

"தூங்கப்படாது தாயி. இத வச்சிக்கிட்டுத் தூங்குதது பாம்பு பக்கத்துல படுத்த மாதிரி" என்று எழுப்பிவிட்டார். ஒரு காப்பி ஆற்றிக் குடிக்கிற நேரத்துக்கு மேல் விடவில்லை, எடுத்துவிட்டார். மறுநாளும் அப்படியே. வீக்கம் வடிந்துவிட்டது, நான் ஆபீசுக்கு நடந்தே போனேன். நல்ல மனுஷன், நல்ல வைத்தியம், அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அந்தப் பிரசவத்தில் பிறந்த பிள்ளை இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். ஏதோ ஸ்டூடியோவாம், காசு கட்டி ஐஸ் தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். உடம்பு வலி போகிறது ஆச்சி, மனசு லேசாகிறது என்கிறாள். போகும், நான் இல்லையென்று சொல்லவில்லை. உள்ளே விடுவதற்கு முன்னால் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, நெஞ்சுவலி உண்டா என்று யாராவது கேட்டார்களா என்று மட்டும் கேட்டேன். ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள் என்றாள். படித்தாயா என்றால் சிரிக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு போனை வைத்துவிட்டேன்.

அக்கா கதைக்கு வருகிறேன். சுற்று பாதிக்கு மேல் முடிந்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். அக்கா வீட்டு மாடியில்தான் எனக்குக் குடித்தனம். கீழே அக்கா கூடத்தில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு காலிலும் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. தரையெல்லாம் ஈரம். ஈரத்தில் மரத்தூள் மிதந்தது. சர்பத் கடையில் ஐஸ் கட்டியை மரத்தூளுக்குள்தான் புதைத்து வைத்திருப்பார்கள். ஐஸை வைத்துக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள்!

தட்டி எழுப்பினேன். கண்ணை முழித்தவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எரிச்சலே இல்லட்டி! வலியும் இல்ல. காலு இருக்குதான்னே தெரியல. சாயங்காலம் இன்னும் நாலு சுத்து கூடப் போட்டுருவேன்."

"எப்பம் கட்டுன?"

"அத்தான் கடைக்குப் போனதும் கட்டுனேன்."

அத்தான் காலையில் கடைக்குப் போனவர். நான் துணியை அவிழ்த்தேன். வலது காலில் விரல்கள் மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தன. பெருவிரலைத் தொட்டால் தோல் அசையவில்லை, விறைத்துக் கிடந்தது. நகத்தால் கிள்ளினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நான் என்ன செஞ்சேன், சொல்லு" என்றேன்.

"என்ன செஞ்ச?"

ரத்தம் வருகிறமாதிரிக் கிள்ளியிருந்தேன். அவளும் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

சாப்பிட வந்த அத்தான் பார்த்துவிட்டு, குளிர்ந்து போயிருந்தால் சூடு காட்டினால் சரியாகிவிடும் என்று அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியில் மணலைக் கொட்டி வறுக்க ஆரம்பித்துவிட்டார். மணல் ஒத்தடம் எங்கள் பக்கம் எல்லா வலிக்கும் உண்டு. கிள்ளினதே தெரியாத கால், சுடுமணல் வைத்தால் வெந்து போகுமே, அதுவும் தெரியாதே! "அடுப்ப அணைங்க அத்தான்! ஒருத்தரும் காலத் தொடப்படாது!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். தெரிந்து சொன்னேன் என்று பெருமையடிக்கமாட்டேன், பயத்தில் கத்தினதுதான். அத்தான் கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு ஓடிப்போய் ரிக்‌ஷா கூட்டிவந்தார்.

ரிக்‌ஷாவில் போகும்போது தொட்டி டாக்டரை நான் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே வந்தேன். அக்கா மெல்ல, "அவர ஏசாதட்டி. அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு" என்றாள்.

"எப்பம் போன அவருகிட்ட?"

"நேத்து. எல்லாங் கேட்டாரு. சுகர் உண்டுன்னேன். அப்பம் உங்களுக்கு ஐஸ் ஆகாதும்மான்னுட்டாரு."

"பொறவு என்ன எளவுக்குக் கட்டுன?"

"சர்பத்துதான ஆகாது? அதுல சீனி கெடக்கு. வெறும் ஐஸ் கட்டிதானட்டி, அதுல எங்கன இனிப்பு இருக்கு? கூறுகெட்ட மனுஷன், ஆகாரத்துக்குச் சொல்லுதத காலுக்குச் சொல்லுதாருன்னு நெனச்சேன்."

அந்த நிலைமையிலும் அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஒரு வருஷமாக அவளுக்கு அது ஆகாது, இது ஆகாது என்று சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கினோமே தவிர, இந்த வியாதியில் கால் உணர்ச்சி போகும் என்று ஒருத்தரும் உட்கார்ந்து சொல்லவில்லை. வீட்டில் எல்லாருக்கும் சர்க்கரை என்றால் பத்தியம், அவ்வளவுதான்.

ஆசுபத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயசு. விரலை அழுத்திப் பார்த்தார், தேய்த்தீர்களா, அனலில் காட்டினீர்களா என்று முதலில் கேட்டார். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். பேசினில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தன் முழங்கையை முக்கிச் சூடு பார்த்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்துக்கு வந்த பிறகுதான் அக்காவின் காலை அதில் வைத்தார். ஆற ஆறத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இடது கால் சீக்கிரம் சிவந்துவிட்டது. வலது காலிலும் சின்ன விரல்களில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் வந்தது. பெருவிரல் மட்டும் வெளுத்தே கிடந்தது.

டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டார். "இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது. உணர்ச்சி திரும்புதான்னு பாப்போம். கறுத்துப்போச்சுன்னா விரல எடுக்க வேண்டியது வரும். சர்க்கரை இருக்கதுனால அதோட நிக்குமான்னும் சொல்ல முடியாது" என்றார். அதோடு நிற்குமா என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தெருவில் ஒருத்தருக்கு விரலில் ஆரம்பித்து முழங்கால் வரை போனதை நான் பார்த்திருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

உள்ளே அக்கா, மிச்சச் சுற்று என்ன ஆவது என்று அத்தானைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "நான் போடுதேன், வாய மூடிக்கிட்டுக் கெட" என்றார் அத்தான். சொன்னமாதிரியே போட்டார் மனுஷன். கடையை அடைத்துவிட்டு, தொந்தியைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கக் கோவிலைச் சுற்றிவிட்டு வந்து கட்டில் காலடியில் உட்காருவார். தன் காலைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டு அவள் விரலைப் பார்ப்பார். விரலில் நீர்க்கொப்புளம் வந்தது. வெறும் நீராக இருக்கிறது, ரத்தம் கலக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது என்றார் டாக்டரம்மா. தினமும் வந்து அழுத்துவார். "தெரியுதா?" என்பார். அக்கா தலையை ஆட்டுவாள், இல்லை என்று. எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

தபசு அன்றைக்குக் காலையில் ஊரே கோவில் வாசலில் இருந்தது. ஆசுபத்திரியில் ஆள் நடமாட்டமே இல்லை. நான் அக்காவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் கைக்கு ஒரு கேடும் இல்லை, பயத்தில் சும்மா ஊட்டிவிடச் சொன்னாள். டாக்டரம்மா வந்தார், கட்டை அவிழ்த்தார், வழக்கம்போல விரலை அழுத்தினார்.

"ஐயோ! எம்மா! செத்தேன்!"

அக்கா உதைத்த உதையில் மருந்துத் தட்டு எகிறி விழுந்தது. டாக்டரம்மா கீழே விழாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்கா?" என்று கேட்டேன்.

"உயிர் போவுதுட்டி! நெருப்ப வச்ச மாதிரி இருக்கு! அங்கன தொடாதீய, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை அழுத்தினார். இன்னொரு அலறல். வராண்டாவில் படுத்திருந்த அத்தான் பதறி ஓடிவந்து, அவள் அழுவதையும் நாங்கள் இரண்டு பேரும் சிரிப்பதையும் மாறி மாறிப் பார்த்தார். "வலிக்காம் அத்தான்" என்றேன். இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறேன், அழுகிறேன்.

"எனக்கு உசுரு போவுது, இவ பல்லக் காட்டுதா பாரு, சண்டாளி!" என்று அக்கா ஏசினாள். அத்தான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "கத்துளா, நல்லாக் கத்து" என்றார்.