மூணு பிள்ளைகள் என்று சொன்னார்

அந்தக் கப்பல் பயணம் எங்கள் மகளுடைய ஏற்பாடு. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறதென்று அவளும் மருமகனும் சேர்ந்து எல்லா டிக்கெட்டையும் எடுத்துக் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல், அங்கே தீவு தீவாகப் படகு, கடைசியில் விமானத்தில் வீடு. "போகும்போது கடலைப் பார்த்துக்கிட்டே நிதானமா போங்கம்மா. அப்பாவும் நீயும் தனியா எங்கயாவது போயிருக்கீங்களா?" என்றாள். அவளுக்கு ஒன்று தெரியாது. பயணம் முடிந்ததும் அவள் அப்பாவை விட்டுவிட்டு மாயவரத்தில் என் அக்காவோடு போய் இருந்துவிடுவதென்று நான் முடிவு செய்திருந்தேன்.

அவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று சொன்னேன். "எப்போ?" என்றார். "இந்த டூர் முடிஞ்சதும்" என்றேன். பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "ரேஷன் கார்டுல பேரை மாத்தணுமா?" என்று கேட்டார். ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

எங்களுக்குள் சண்டை கிடையாது. அவர் குடிப்பவர் இல்லை, என்மேல் கை நீட்டியவர் இல்லை. பேச மாட்டார், அவ்வளவுதான். காபி ஆறிப்போச்சு, பால்காரன் வந்தானா, மாத்திரை எங்கே. இதைத் தாண்டி எனக்கென்று அவரிடம் ஒரு வார்த்தை இருந்ததில்லை. பிள்ளைகள் இருவரும் வீட்டில் இருந்தவரை அது தெரியவில்லை. பையன் வெளிநாடு போய், பெண்ணும் கல்யாணமாகிப் போய், அவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் மிக்ஸி சத்தமும் டிவி சத்தமும்தான் மிச்சம். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இதெல்லாம் ஒரு காரணமா என்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

கப்பலில் ஏறியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். புதிதாய்க் கல்யாணமான இரண்டு ஜோடிகள் எங்கள் பக்கத்துக் கேபினில் இருந்தார்கள். அவர்களோடு சீட்டு ஆடினார். தான் சின்ன வயதில் காவிரியில் நீச்சல் பழகியதை, கண்காட்சியில் தொலைந்துபோனதை எல்லாம் கை கால் ஆட்டிச் சொன்னார். எனக்குத் தெரியாத கதைகள். அந்தப் பெண்களில் ஒருத்தி கேன்டீன் வரிசையில் என் காதில், "அங்கிள் செம ஜாலி. நீங்க குடுத்து வெச்சவங்க ஆன்ட்டி" என்றாள். நான் தட்டை நீட்டிச் சாதம் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பயணத்தில் கடைசித் தீவு லாங் ஐலண்ட். அங்கே வண்டி வாகனம் கிடையாது. காடும், சிமெண்டு நடைபாதையும், ஒரு படகுத்துறையும். அங்கிருந்து காலைப் படகில் போர்ட் பிளேர் திரும்பினோம். கடல் அன்றைக்குச் சரியில்லை. உள்ளே வரிசையாகப் போட்ட சீட்டில், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். டீசல் நாற்றமும், டிவியில் இந்திப் படத்தின் கூச்சலும் வேறு. அவர் மேல்தளத்துக்குப் போய்விட்டிருந்தார். பொறுக்க முடியாமல் நானும் காற்றுக்காகப் படியேறினேன்.

லைஃப் ஜாக்கெட் பெட்டிக்கு அந்தப்புறம் பெஞ்சில் அவர் முதுகு தெரிந்தது. பக்கத்தில் இன்னொருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியாக, ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தார். தமிழ்க் குரல். கண் டாக்டரைப் பார்க்கப் போர்ட் பிளேர் போகிறார் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"நாங்க கச்சால் தீவு சார். ரப்பர் தோட்டம். அப்பா அம்மா சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல இருந்தவங்க. இங்க கொண்டாந்து குடியேத்துனாங்க. சுனாமிக்கு அப்புறம் அங்க இருக்க முடியல. இப்ப லாங் ஐலண்டுல மச்சான் வீட்டுல கெடக்கேன்."

"பிள்ளைங்க?" என்று இவர் கேட்டார்.

"நாலு சார். மூணத் தண்ணி கொண்டுபோயிருச்சு. மூத்தவன் மட்டும் அன்னைக்கு ஸ்கூல் ஹாஸ்டல்ல இருந்தான். இப்ப மெயின்லேண்ட்ல படிக்கிறான்." நாலு என்று அவர் சொன்ன விதத்தில் ஒரு தயக்கமும் இல்லை. "ஒங்களுக்கு எத்தன சார்?"

"மூணு" என்றார் என் கணவர்.

படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக எங்கே யார் கேட்டாலும் ரெண்டு என்றுதான் சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டில், ஸ்கூலில், குடித்தனம் கேட்டுப் போன வீடுகளில். அவர் சொல்லுவதைப் பார்த்து நானும் ரெண்டு என்று சொல்லப் பழகினேன்.

"மூத்தது பையன். ஒரு வாரம்கூட இருக்கல" என்றார். அவர் குரலா என்று இருந்தது. "நான் வெளியூர்ல வேலையில இருந்தேன். பையன் பொறந்திருக்கான்னு தந்தி வந்துது. லீவு கிடைக்கல. கிடைச்சதும் பஸ் ஏறிட்டேன். திருச்சியில எறங்கி வசம்பு வளையல் வாங்கினேன். போய்ச் சேர்ந்தா, அன்னைக்குக் காலையிலதான் புதைச்சிட்டு வந்திருந்தாங்க. மொகம் பாக்கல நான்."

"வளையல் என்னாச்சு சார்?"

"திரும்பறப்ப பஸ் ஜன்னல் வழியா போட்டுட்டேன். அவனுக்குப் பேருகூட நெனச்சு வச்சிருந்தேன்."

அந்த ஆள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "நாங்களும் மொகம் பாக்கல சார்" என்றார். ஒரு பீடியை எடுத்து நீட்டினார். பீடி சிகரெட் தொடாத மனுஷர் அதை வாங்கிப் பற்றவைக்காமல் விரலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சத்தமில்லாமல் கீழே இறங்கி என் சீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் குழந்தை போனபோது எனக்கு இருபத்தொரு வயது. அம்மா வீட்டில் படுத்திருந்தேன். பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூவைக் கட்டியிருந்தார்கள். அவர் சாயங்காலம் வந்தார். நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்தார். உள்ளே வரவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறிப் போய்விட்டார். பூ வாசனைக்குள் நான் அழுதுகொண்டே கிடந்தேன். கல்மனசுக்காரன் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு அவர் எது செய்தாலும், செய்யாமல் விட்டாலும், அந்த நிலைப்படியில் வைத்துத்தான் பார்த்தேன்.

போர்ட் பிளேரில் ஷாதிபூரில் எங்களுக்கு ரூம் போட்டிருந்தார்கள். போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அவர் குளித்துவிட்டு வந்து டிவி ரிமோட்டைத் தேடினார். அது என் கையில் இருந்தது.

"என்னங்க, அவனுக்கு என்ன பேரு நெனச்சிருந்தீங்க?"

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. என் முகத்தைப் பார்க்காமல் துண்டை நாற்காலியில் விரித்துப் போட்டார்.

"படகுல மேல வந்தியா?"

"வந்தேன்."

"அந்தாளு கேட்டான், சொன்னேன். அதை இப்ப எதுக்கு எடுக்கிற?" என்று கையை நீட்டினார். ரிமோட்டைக் கொடுத்தேன். செய்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அபர்டீன் பஜாருக்குப் போனோம். பேரன் பேத்திக்கும், அக்காவுக்கும், பக்கத்து வீட்டுக்கும் ஏதாவது வாங்க வேண்டும். சிப்பியில் செய்த விளக்கு ஒன்று எடுத்தேன். கடைக்காரர் இந்தியில் ஏதோ சொல்ல, இவர் தனக்குத் தெரிந்த இந்தியில் பதில் சொல்லிச் சிரித்தார். வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மூடியிருந்த ஒரு கடையின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினோம். வேறு யாரும் இல்லை. ஆட்டோக்கள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. இதை விட்டால் இனி கேட்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

"முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட சொல்ல முடிஞ்சுது. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

சத்தமாகத்தான் சொன்னார். மழையில் எனக்குமட்டும்தான் கேட்டது.

"நான் எப்படிக் கேப்பேன்? நீங்க அடுத்த நாளே ஓடிட்டீங்க."

"ஓடிட்டேனா?" என் பக்கம் திரும்பினார். "உங்க மாமாதான் போகச் சொன்னாரு. பச்சை உடம்புக்காரி, உங்களைப் பாத்தா அழுது அழுது ஜன்னி கண்டுரும், ஒரு மாசம் கழிச்சு வாங்க மாப்பிள்ளைன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் என்ன செய்யறது? ஒரு மாசம் கழிச்சு வந்தேன். நீ மொகத்தைத் திருப்பிக்கிட்டே. நாள் ஆக ஆக நானும் பழகிட்டேன்."

மாமா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. என்னிடம் இதை யாரும் சொன்னதில்லை. அம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்கும். நான் அந்தத் தகரத்துக்குக் கீழே கையில் சிப்பி விளக்குப் பொட்டலத்தோடு நின்றேன். என்னவோ நடக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். நான் அழுவேன், அல்லது அவர் அழுவார், அல்லது ஒருவர் கையை ஒருவர் தொடுவோம் என்று.

"பேரையாவது சொல்லுங்க" என்றேன்.

மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மறந்துபோச்சு" என்றார்.

பொய்யா உண்மையா எனக்குத் தெரியவில்லை. கோபத்தில் சொன்ன மாதிரி இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. முந்தின நாள் படகில் அந்த ஆளிடமும் அவர் பேரைச் சொல்லவில்லையே என்று அப்போதுதான் நினைவு வந்தது. மழை விட்டதும் அவர் ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். ஏறி உட்கார்ந்தோம். பொட்டலத்தை நடுவில் வைத்தோம், உடைந்துவிடக் கூடாதென்று.

அன்று சாயங்காலம் ரூம் கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஓட்டல்காரர்கள் நாலைந்து பேர் கேக்கோடு நிற்கிறார்கள். மகள் போனில் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறாள். ரிசப்ஷனில் இருந்த பெங்காலிப் பெண் எங்கள் இருவரையும் கட்டிலோரத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். மகள் போனில் ஸ்பீக்கரில் இருந்தாள். "அப்பா, அம்மாவுக்கு ஊட்டிவிடுங்க! எனக்குச் சத்தம் கேக்கணும்!" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் ஒரு துண்டை எடுத்து என் வாயில் வைத்தார். அவர் விரல் என் உதட்டில் பட்டது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இனிப்பு அதிகம் என்று மட்டும் தோன்றியது. நானும் ஊட்டினேன். அவருக்குச் சர்க்கரை உண்டு, அதனால் கொஞ்சமாகப் பிய்த்தேன். பெங்காலிப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆப் தோனோ, ரெண்டு பேரும் எப்பவும் இப்படியே இருக்கணும்" என்று இந்தியும் தமிழுமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் போன பிறகு அறையைச் சுத்தம் செய்தேன். "அக்கா வீட்டுக்கு எப்ப போற?" என்று கேட்டார்.

போகாதே என்று சொல்லத்தான் ஆரம்பிக்கிறாரோ என்று கையை நிறுத்தினேன். "ஊருக்குப் போன மறுவாரம்" என்றேன்.

"கேஸ் புக் பண்றது எப்படின்னு சொல்லிக் குடுத்துட்டுப் போ."

நான் கேட்டிருக்கலாம். போகட்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை. அவரும் அதற்குத்தான் காத்திருந்தாரோ என்னவோ. ஆனால் எனக்கு அவர்மேல் கோபம்கூட மிச்சமில்லாமல் போயிருந்தது. அத்தனை வருஷம் அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீட்டில் நடமாடியிருக்கிறேன். அன்றைக்கு மத்தியானத்தோடு அதுவும் போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை என்று தெரிந்த பிறகும் அவர் பக்கத்தில் உட்கார எனக்கு ஆசை வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் விமானத்தில் ஜன்னலோர சீட்டை என்னிடம் விட்டுக்கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் தீவுகளெல்லாம் மறைந்து வெறும் தண்ணீர் ஆனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞனிடம் எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்து, சென்னை வரும்வரை பேசிக்கொண்டே வந்தார்.

சொன்னபடி மறுவாரம் கிளம்பினேன். கேஸ் புக் பண்ணவும், குக்கரில் சாதம் வைக்கவும் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஸ்டாண்டுவரை வந்து பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மகள் போன் செய்து அழுதாள், திட்டினாள். டூரில் அப்பா ஏதாவது சொன்னாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மூத்த அண்ணன் ஒருவன் பிறந்து போனதே அவளுக்குத் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது? இல்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு சில வருஷங்களாகிவிட்டன. தீபாவளிக்கு மகள் வீட்டில் பார்த்துக்கொள்வோம். போன ஆடியில் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. நான்தான் போய் இருந்து பார்த்துக்கொண்டேன். கழிவறைக்குப் போகத் தோள் கொடுத்தேன், மருந்து கொடுத்தேன், கஞ்சி வைத்தேன். அவர் நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு காலையில் என் பையைக் கட்டினேன். வாசலுக்குக் குச்சியை ஊன்றிக்கொண்டு வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நானும் நின்றேன். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

"வண்டி வந்துருச்சு பாரு, கிளம்பு" என்றார்.