அக்கா செத்ததை யாரும் நம்பவில்லை

அக்கா காலமான செய்தியை அவளுடைய இணையப் பக்கத்தில் நான்தான் போட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய இரண்டு வரி. 'அக்கா இன்று காலை பத்தே காலுக்குக் காலமானார். நுரையீரலில் கிருமித் தொற்று.' ஐந்தாவது நிமிடம் முதல் பதில் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மஞ்சள் பொம்மை. அதன் கீழே ஒரு கேள்வி: "அடுத்த அத்தியாயம் எப்போ?"

அப்படிச் சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சிரிப்புக்கு வழி பண்ணிக் கொடுத்தவனே நான்தான்.

அக்கா முப்பத்தோரு வருடம் பேய்க்கதை எழுதினாள். வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில். நோயாளிகளின் கோப்புகளை எண் வரிசைப்படி அடுக்க வேண்டும். இறந்தவர்களின் கோப்பைத் தனியாகக் கட்டிப் பின்னறைக்கு அனுப்ப வேண்டும். மதியம் சாப்பிட்ட பிறகு கிடைக்கும் அரை மணியில், பழைய படிவங்களின் முதுகுப் பக்கத்தில் கதை எழுதுவாள். அங்கே அவளுக்குப் பேயம்மா என்று பெயர்.

"பேயம்மா, பின்னறையில ஏதோ உருட்டுது" என்று பியூன் வந்து நிற்பாராம்.

"எலியா இருந்தா பொறி வைங்க. பேயா இருந்தா இங்க அனுப்புங்க. இந்த மாசக் கதைக்கு ஆள் குறையுது."

அத்தான் போனபின் அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கும் குடும்பம் என்று ஒன்று அமையவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவன். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, எங்கள் இருவருக்கும் தாராளமாகப் போதும். மாதம் ஒரு நாவல், கையடக்க அளவில், சாணித்தாளில் வரும். பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். அட்டையில் எப்போதும் ஒரு பெண் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருப்பாள். "இவ பல்லு டாக்டருகிட்ட போயிருக்காடா" என்று அக்கா சொல்வாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் பதிப்பாளர் கடையை மூடினார். "இப்பல்லாம் பேப்பரைப் பாத்து யாரும்மா பயப்படறாங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"டேய், பேய்க்கே வேலை போயிடுச்சுடா."

அதற்குப் பிறகுதான் கைப்பேசிச் செயலி. ஒரு அத்தியாயம் நாலு நிமிடத்தில் படித்து முடிகிற மாதிரி இருக்க வேண்டும், படித்தவர்கள் நட்சத்திரம் போடுவார்கள். "மார்க் வாங்குற வயசாடா எனக்கு?" என்று புலம்பியவள், மறுநாள் பல் தேய்க்கும் முன்பே நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் கழித்து, படித்தால் போதாது, குரலிலும் வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் அமைதி என்பது கிடையாது. துணி அலமாரியைத் திறந்து, முக்காலி போட்டு, தொங்கும் துணிகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு அக்கா படிப்பாள். துணி எதிரொலியைக் குடித்துவிடும். நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வெளியே ஒரு ஹாரன் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு லட்சம் பேர் கேட்ட 'கிணற்றுக் குரல்' எங்கள் அலமாரிக்குள்ளிருந்து வந்தது.

அடுத்தது ஒரு நிமிட வீடியோ. செயலி நிறுவனத்திலிருந்து ஓர் அம்மா பேசினார்.

"டார்ச்சைத் தாடைக்குக் கீழ பிடிங்க மேடம். எஃபெக்டா இருக்கும்."

"அந்த வெளிச்சத்துல என் ரெட்டைத் தாடைதாம்மா தெரியும். அதைவிடப் பெரிய பயம் எனக்கு இல்ல."

டார்ச்சுக்குப் பதிலாக வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். உரித்துக்கொண்டே, பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வது போல ஒரு கொலையைச் சொல்வாள். கண்ணில் தண்ணீர் வழியும். கதையில் லயித்து அழுகிறார் என்று பார்த்தவர்கள் உருகினார்கள்.

போன வருடம் ஆறாவது தொடருக்குப் புதுசாக ஏதாவது விளம்பரம் வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் பக்கத்தில் நானே எழுதினேன்: 'எழுத்தாளரைக் காணவில்லை. கடைசியாக அவர் அனுப்பிய ஒலிப்பதிவு இது.' கூடவே அலமாரிக்குள் அக்கா மூச்சுவாங்கும் சத்தம். மூன்று நாள் ஊரே பதறியது. இரண்டு பேர் செயலி அலுவலகத்துக்கே போய் விசாரித்தார்கள். நாலாம் நாள் அக்கா வெங்காயத்தோடு வந்து உட்கார்ந்தாள். "எங்கயும் போகல. கடைக்குத்தான் போயிருந்தேன். அங்க என்ன பாத்தேன்னு நாளைலேருந்து சொல்றேன்." அப்படி ஒரு கூட்டம் அவளுக்கு அதற்கு முன் சேர்ந்ததில்லை. என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "வாத்தியாரே, உனக்குள்ள இவ்வளவு விஷமம் இருக்கா?"

ஏழு மாதத்தில் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் படுக்கையில் இருந்தாள்.

தகனம் முடித்து வீடு வந்தபோது சிரிப்புப் பொம்மைகள் இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தன. 'போன தடவை காணோம், இந்தத் தடவை சாவா? செம.' 'நுரையீரல்னு போட்டாதான் நம்புவோம்னு நினைச்சாங்க பாரு.' 'நாலாம் நாள் வெங்காயத்தோட சந்திப்போம்.' அவளை அனுப்பிவைக்க வந்தவர்கள் பதினோரு பேர். இரண்டு லட்சம் பேரில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், 'நிஜமாவா?' என்று கேட்டிருந்தால் எனக்குப் போதும். ஆஸ்பத்திரியில் கொடுத்த இறப்புச் சான்றிதழைப் படம் எடுத்துப் போட்டேன். 'சர்டிபிகேட் டிசைன் பண்ணவருக்கு ஒரு சல்யூட்' என்று பதில் வந்தது.

நாலாம் நாள் காலையில் பக்கத்தைத் திறந்தேன். முந்நூறு பேர் வரிசையாக வெங்காயப் படம் போட்டுக் காத்திருந்தார்கள்.

செயலி அம்மாவைக் கூப்பிட்டேன்.

"சார், கேட்டதுலேருந்து எனக்கு வேலையே ஓடல. நாங்களும் அறிவிப்பு போட்டோம் சார், அதையும் நம்பல. நம்பமாட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வாரம் மேடம்தான் முதலிடம். அப்படியே விட்டுட்டா என்ன? எங்கயோ இருக்காங்கன்னு நெனச்சுக்கட்டுமே."

அந்த வார்த்தை என்னை அசைத்துப் பார்த்தது. எங்கேயோ இருக்கிறாள். நானும் அவர்களோடு சேர்ந்து அப்படி நினைத்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளையில்லாத அவளுக்கு அழ வேண்டியவர்கள் அவர்கள்தான். அந்த அழுகையை நான் தடுத்து வைத்திருக்கிறேன்.

"வேண்டாம்மா" என்றேன்.

ஆஸ்பத்திரிப் பையில் அவள் நோட்டு இருந்தது. ஓடிக்கொண்டிருந்த ஏழாவது தொடரின் நாலாம் அத்தியாயம், படுக்கையில் எழுதியது, இரண்டே கால் பக்கம். மதியம் அலமாரியைத் திறந்து முக்காலியில் உட்கார்ந்தேன். துணிகளில் அவள் வாடை இருந்தது. எனக்குக் கதை படிக்க வராது. பாடம் நடத்துகிற குரல்தான் என் குரல். ஏற்ற இறக்கமில்லாமல் படித்துக்கொண்டே போனேன். ஒரு பெண் பூட்டியிருந்த வீட்டைத் திறக்கிறாள். சமையற்கட்டுக்குப் போகிறாள். 'விளக்கைப் போட்டாள். வாளித் தண்ணீரை மொண்டு, இரண்டு டம்ளரையும்'

அதோடு எழுத்து நின்றிருந்தது. பேனாக் கோடு கீழே இறங்கிப் போயிருந்தது.

"இவ்வளவுதான் இருக்கு" என்றேன். பதிவை நிறுத்துகிற பொத்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. கழற்றி வைத்த கண்ணாடியைத் தேடினேன், மூக்கைச் சிந்தினேன், முக்காலி சாய்ந்து விழுந்தது. எல்லாம் பதிவாகியிருந்தது. எதையும் வெட்டாமல் அப்படியே ஏற்றினேன்.

அரை மணி நேரம் ஒரு பதிலும் இல்லை. அப்புறம் யாரோ எழுதினார்கள்: 'இதுல கொக்கி இல்லையே.'

கொக்கி என்பது அக்காவின் சொல். அத்தியாயம் முடிகிற இடத்தில் ஏதாவது ஒன்று நடக்கப்போகிற மாதிரி நிறுத்த வேண்டும். கதவு திறக்க வேண்டும், பின்னால் யாராவது இரும வேண்டும். கொக்கி இல்லாமல் அவள் ஒரு அத்தியாயத்தையும் கையைவிட்டு அனுப்பியதில்லை. காய்ச்சலோடு எழுதி அனுப்பிய மூன்றாம் அத்தியாயத்துக்கும் கொக்கி இருந்தது. கேட்கிறவர்களுக்கு அவளுடைய கொக்கி மனப்பாடம்.

'அம்மா டம்ளர்ல நிறுத்தமாட்டாங்க' என்று இன்னொருவர் எழுதினார்.

'அந்தப் படிச்சவரு யாரு?'

'தம்பி. வாத்தியாரு.'

'அய்யோ.'

நான் பழைய செய்தியைத் திறந்து பார்த்தேன். சிரிப்புப் பொம்மைகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கியிருந்தது. இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு. இரண்டாயிரத்துத் தொண்ணூறு. ஒவ்வொருவராக வந்து, தாங்கள் போட்டதைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி இருந்தது அது. ஆயிரத்துக்குக் கீழே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எனக்கென்று தனியாக ஒரு செய்தி வந்தது. முகப்படம் இல்லாத ஒரு கணக்கு.

'அண்ணே, அன்னிக்கு நானும் சிரிச்சேன். மனசு அடிச்சுக்குது. சாப்பிட்டீங்களா?'

மணி மூன்றாகியிருந்தது. இல்லை என்று எழுதினேன்.