நாற்பத்தொரு நாள் பூட்டும் ஒரு குறட்டையும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஓர் ஆடி வெள்ளியன்று நிகழ்ந்ததை உள்ளது உள்ளபடி எழுத முற்படுகிறேன்.

நான் ஆவடியில் ஃபிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவன். என் ஒரே மகனுக்கு வயது முப்பத்து மூன்று. பட்டறையில் அவன் தோள்பட்டை விலகியபோது வலிக்கென்று தொடங்கிய மாத்திரை, வலி நீங்கிய பின்னும் அவனை விடவில்லை. பின்னர் அது போதை ஊசியாயிற்று. வைத்தியத்திற்கு அழைத்துச் சென்றால் ஊர் அறியும் என்று அஞ்சினேன். ஆகவே முன்னறைக்கு என் கையாலேயே கம்பிக் கதவு செய்து பொருத்தி, அவனை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன்.

முதல் வாரம் வாந்தியும் உதறலுமாக அவன் பட்ட வேதனையை எழுத எனக்கு வலுவில்லை. அதன்பின் மெல்லத் தேறினான். கம்பிக்குப் பின்னால் அமர்ந்து என்னைக் கேலி பேசவும் தொடங்கினான்.

"வண்டலூர் ஜூவுல கூட டிக்கெட் வாங்கிகினு தான் காட்டுவான் நைனா. நீ இன்னா ஓசில பாத்துகினு கீறே?"

நான் சிரிக்கவில்லை. அவன் பூட்டுக்கு உள்ளே இருந்தான். நான் வெளியே இருந்தேன். இருவருமே எங்கும் போகவில்லை. உறவில் நிகழ்ந்த ஒரு சாவுக்குக்கூட நான் சென்றேனில்லை.

நாற்பத்தொரு நாட்கள் கழிந்தன. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். "புள்ள மொகம் தெளிஞ்சிட்ச்சு. ஒரு வாய் கூழு குட்சிட்டு வரட்டும், கதவத் தொற," என்று என் மனைவி மன்றாடினாள். திறந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். தாயிடம் இனிமையாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு, தானாகவே முன்னறைக்குள் சென்று படுத்தான். பழக்கத்தால் நான் மறுபடியும் பூட்டினேன்.

சற்று நேரத்தில் உரத்த குறட்டை எழுந்தது. ஐயா, நான் மகிழ்ந்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் மகன் இப்படி உறங்குகிறான் என்று எண்ணி, தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கச் சொன்னேன்.

பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒரு மருத்துவமனையில் ஆயாவாக வேலை பார்ப்பவர். கூழ்ச் சொம்பைத் திருப்பித் தர வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணாத்தே, இன்னா சத்தம் அது?"

"அசந்து தூங்கறாம்மா."

"தூக்கமா இது? நடுவுல மூச்சே காணோமே! தொற கதவ!"

முப்பத்திரண்டு ஆண்டுகள் நூலிழை அளவுக்கு இரும்பைப் பொருத்திய என் கைக்கு அன்று சாவியின் முடிச்சு அவிழவில்லை. அவரே என் இடுப்புக் கயிற்றை அறுத்துச் சாவியைப் பறித்துத் திறந்தார். மகனின் உதடுகள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. உலுக்கினோம், கத்தினோம், விழிக்கவில்லை. குடித்தவனைத் தெளிவிப்பதுபோல் என் மனைவி மோரோடு ஓடி வந்தாள்.

"வாயில ஊத்தாதக்கா! மூச்சுக்கொழல்ல பூந்துக்கும். அண்ணாத்தே, ஆம்புலன்சுக்குப் போன் போடு."

"போலீசு, கேசுன்னு..." என்று இழுத்தேன்.

"வந்தா வரட்டும். பொணத்தக் காட்டுனா மட்டும் கேசு இல்லியா?"

போன் போட்டேன். அவர் அவன் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்துக் காற்றை ஊதினார். ஊதியபோதெல்லாம் மார்பு எழுந்தது, நிறுத்தினால் அடங்கியது. அவர் களைத்ததும் நான் ஊதினேன். வண்டி வரும்வரை இப்படியே மாற்றி மாற்றிச் செய்தோம்.

கூழ் குடிக்கப் போன ஒரு மணி நேரத்தில் அவன் மீண்டும் ஊசி போட்டு வந்திருக்கிறான். மருத்துவமனையில் போதையை முறிக்கும் மருந்து செலுத்திய பிறகு மருத்துவர், அவன் ஊசியை எத்தனை நாள் விட்டிருந்தான் என்று கேட்டார். சொன்னேன். "அதான் பெரியவரே. நடுவுல விட்டா ஒடம்புக்குத் தாங்குற சக்தி போயிடும். பழைய அளவையே போட்டா மூச்சு நின்னுடும். பூட்டி வெச்சா வைத்தியம் ஆகாது," என்றார். காவல் என்று நான் பூட்டியதே அவனைச் சாவின் வாசல்வரை கொண்டு சென்றிருக்கிறது.

கம்பிக் கதவைக் கழற்றிவிட்டேன். அவன் நாள்தோறும் அரசு மருத்துவமனைக்குச் சென்று மருந்து உட்கொண்டு வருகிறான். ஆயினும் குளியலறையில் ஐந்து நிமிடம் தாமதித்தால் நான் கதவைத் தட்டுகிறேன். "கம்பிய எட்த்துட்டு நீயே கம்பியா நிக்கிறியே நைனா," என்கிறான். அவன் சொல்வது மெய். என்னால் விலகி நிற்க இயலவில்லை.

இதை எழுதும் இப்பிற்பகலிலும் அவன் உள்ளே உறங்குகிறான். இருமுறை எழுந்து சென்று மூச்சைக் கவனித்துவிட்டு வந்தேன், சீராக இருக்கிறது. நாளை எப்படியோ, அறியேன்.

இவ்வெழுத்தைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் தெருவில் எவரேனும் பிள்ளைக்காகப் பூட்டு வாங்கினால், அவரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள்.