ஹூக் வைத்த முகமூடி

ஒரு ஆம்பிளையின் தலையைச் சுற்றி இன்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நான் நின்ற ஒரு நிமிஷம் உண்டு. ஐம்பது வருஷத் தொழிலில் அந்த ஒரு தடவைதான் அப்படி நின்றேன். தோள், மார்பு, இடுப்பு, கைச்சுற்று என்று எல்லாவற்றுக்கும் என் அளவு நோட்டில் கட்டம் இருந்தது. தலைக்குக் கட்டம் இல்லை. டேப் இருபத்து மூணே கால் காட்டியது. எங்கே எழுதுவது என்று யோசித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் இடுப்புக்கு நேராக எழுதினேன். அந்த மனுஷர் பச்சை முகமூடிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிப்பு மூணாம் வகுப்போடு சரி. இன்று தி.நகரில் இரண்டு கடை, மயிலாப்பூரில் ஒன்று, பதினெட்டு மிஷின் ஓடுகிறது. ஒருத்தர் கை கொடுத்துத் தூக்கிவிட்டு நான் மேலே வரவில்லை. தொண்ணூறுகளில் வடக்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் மூணு மிஷினோடு இருந்தேன். ஜாக்கெட் தைத்தேன், அதற்கு மேலே பரதநாட்டிய உடுப்பு தைத்தேன். பெண்ணுக்கு அரங்கேற்றம் என்றால் முதலில் சபாவில் தேதி கேட்பார்கள், அடுத்தது என்னிடம்தான். நான் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு மூணு மணி நேரம் ஆடினாலும் ஒரு ஹூக் விட்டது கிடையாது. இது நானாகச் சொல்வதில்லை, மயிலாப்பூரே சொல்லும்.

அப்போது வீட்டுக்கு வீடு கேபிள் வந்த புதிது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மல்யுத்தக்காரர்களின் படம் போட்ட சீட்டுக் கட்டை வைத்துக்கொண்டு, எடை எவ்வளவு உயரம் எவ்வளவு என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒரு கான்ட்ராக்டர் மெக்சிகோவிலிருந்து முகமூடி மல்யுத்தக்காரர்கள் ஆறு பேரைக் கூட்டிவந்து, அடையாறில் ஒரு மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டு ஒரு வாரம் காட்சி நடத்தினார். மெக்சிகோ எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. இரண்டாம் நாள் ஆட்டத்தில் ஒருவருடைய முகமூடி தையல் விட்டுவிட்டது. கான்ட்ராக்டர் நேராக என்னிடம் வந்து நின்றார்.

"மாஸ்டர், தலைக்கு ஒரு ஜாக்கெட் தைக்கணும்."

"தலைக்கு இன்னாபா ஜாக்கெட்டு?"

"ஆளு கார்ல கீறாரு. பார்த்தா உனக்கே புரியும்."

காரிலிருந்து மூணு பேர் இறங்கினார்கள். ஒருவர் முகமூடிக்காரர். மார்பில் நரைத்த முடி, கழுத்துக் கிடையாது, தோள் மேலேயே தலை. இன்னொருவர் அவருடைய மகன். இருபத்தைந்து வயதிருக்கும், முகத்தில் முகமூடி இல்லை, அப்பாவுடைய பையைச் சுமந்துகொண்டு வந்தார். மூணாவது ஆள் சாந்தோம் பக்கம் இருந்த ஒரு ஃபாதர். சின்ன வயதில் ஸ்பெயினில் படித்தவர் என்பதால் அவர்கள் பாஷை வரும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இந்த மனுஷர் முகமூடியோடேயே வந்து முழந்தாள் போட்டாராம், ஃபாதரும் ஒன்றும் சொல்லாமல் நற்கருணை கொடுத்தாராம். அதிலிருந்து பழக்கம்.

கடையில் அப்போது பாட்டு சொல்லிக்கொடுக்கிற மாமி ஒருவர் ஜாக்கெட் வாங்க உட்கார்ந்திருந்தார். குளத்துக்குப் பக்கத்தில் வீடு. என் முதல் வாடிக்கை அவர்தான். என்னை வாடா போடா என்று பேசுகிற உரிமை அவருக்கு மட்டும்தான் உண்டு.

"ஏண்டா, இவர் ஆத்துல காபி குடிக்கறச்சேயும் இதைப் போட்டுண்டுதான் குடிப்பாரா?"

ஃபாதர் சிரித்துக்கொண்டே அதை அப்படியே அவரிடம் சொன்னார். குடும்பத்தார் முன்னால் மட்டும் கழற்றுவேன், வெளி ஆள் ஒருவரும் என் முகத்தைப் பார்த்ததில்லை என்று அவரிடமிருந்து பதில் வந்தது. அப்புறம் ஃபாதர் சொன்ன கதையைக் கேட்க துணி வெட்டுகிற என் கட்டரும் கத்தரியை வைத்துவிட்டு வந்தான். அந்தப் பச்சை முகமூடியை முதலில் போட்டவர் இவருடைய அப்பா. முப்பது வருஷம் போட்டார். வீட்டில் பிள்ளைகளிடம்கூட நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவாராம். இவர் சின்னப் பிள்ளையாக அம்மா மடியில் உட்கார்ந்து பச்சை முகமூடிக்குக் கை தட்டியிருக்கிறார், அது தன் அப்பா என்று தெரியாமலே. அப்பா இறந்தபோது முகமூடியைப் போட்டுத்தான் புதைத்தார்களாம், ஊரே கூடி அழுததாம். கேட்கக் கேட்க எனக்குக் குழம்பியது. அப்படியானால் அன்றைக்கு ஊரே கூடி அழுததே, யாருக்காக அழுதது? அந்த மனுஷருக்கா, அந்தப் பச்சைத் துணிக்கா?

மற்ற முகமூடிக்காரர்கள் பந்தயம் கட்டித் தோற்றால்தான் முகமூடியை இழப்பார்களாம். இவர் வீட்டு வழக்கம் அதைவிடக் கறார். எப்படிக் கழன்றாலும் சரி, வெளி ஆள் ஒருத்தர் முகத்தைப் பார்த்துவிட்டால் அந்த முகமூடிப் பேர் அத்தோடு முடிந்தது. அப்புறம் இவரும் போடக் கூடாது, மகனுக்கும் கொடுக்க முடியாது. மகன் ஆறு வருஷமாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு அதற்காகத்தான் காத்திருந்தார். இவருக்கோ விட மனசில்லை, இந்த வருஷம் அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். ஃபாதர் இதைச் சொல்லும்போது மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளில் தைத்துக் கொடுத்தேன். பச்சை சாட்டின், உள்ளே மெத்தென்று லைனிங், வாய்க்கு ஒரு சின்னப் பிளவு. கண்ணைச் சுற்றி நாட்டிய உடுப்புக்கு வைக்கிற ஜரிகைக் கரை கொடுத்தேன். அப்படி ஒன்றை மெக்சிகோவில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். பழைய முகமூடியில் பின்மண்டையில் செருப்புக்குப் போடுகிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் கயிறு கோத்து இறுக்கியிருந்தது. எனக்கு அது லட்சணமாகப் படவில்லை. அதை எடுத்துவிட்டு நெருக்கமாக எட்டு ஹூக் வைத்திருந்தேன்.

"கயிறுதான் வேணும்ங்கிறார்" என்றார் ஃபாதர்.

"ஃபாதர், இது மூணு மணி நேரம் தாங்குற ஹூக்கு. இவர் ஆடுறது இருபது நிமிஷம். சொல்லுங்க அவராண்ட."

ஃபாதர் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டார். மூணாம் வகுப்புப் படித்த ஒருவனுடைய வாய்ச் சவடாலை நம்பித் தன் வீட்டுப் பேரை அவர் என் கையில் கொடுத்தார் என்று இப்போது எழுதத் தெரிகிறது. அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அன்று சாயங்கால ஆட்டத்துக்கு என் சம்சாரத்தோடு போனேன். முதல் வரிசையில் ஒரு மூலை. எங்களுக்கு இந்தப் பக்கம் ஸ்பீக்கர் பெட்டி, அந்தப் பக்கம் கம்பம், முதுகுக்குப் பின்னால் கொட்டகையின் தகரம். வாசலில் நின்றவர்களிடமெல்லாம் அது நான் தைத்தது என்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சொல்லி முடித்திருந்தேன். முதல் அடி விழுந்ததுமே என் சம்சாரம் கண்ணை மூடிக்கொண்டாள். நாட்டியத்தில் உடம்பு எவ்வளவு வேலை செய்தாலும் உடுப்பைப் பிடித்து ஒருத்தரும் இழுப்பதில்லை. எனக்கு அது உறைத்தது, எதிராளி அவர் பின்மண்டையைப் பிடித்து உலுக்கியபோதுதான். ஹூக்குகள் வரிசையாக விட்டன. அவர் முகம் எங்கள் மூலைப் பக்கம் திரும்பியிருக்க, முகமூடி மேலே ஏறி நெற்றியில் போய் நின்றது.

அடுத்து நடந்ததை மறக்க முடியாது. அதுவரை அவரைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த எதிராளி, அந்த நொடியே தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் தலையை இழுத்துத் தன் நெஞ்சில் புதைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கொட்டகை முழுக்க விசில் அடித்தார்கள், அதுவும் ஒரு பிடி என்று நினைத்து. "கயுத்தப் புட்சிட்டான்டா, வுடாத" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தர் கத்தினார். மகன் துண்டோடு பாய்ந்து ஏறி அப்பாவின் தலையைச் சுற்றி மூடி மறைவுக்குக் கூட்டிப்போனார்.

நான் எழுந்து பின்பக்கம் ஓடினேன். தையற்காரன் சட்டைக் காலரில் ஊசி நூல் எப்போதும் இருக்கும். எங்கள் தொழிலில் உடம்பில் போட்ட துணியை அப்படியே வைத்துத் தைக்க மாட்டோம். ஆகாது என்பார்கள். கழற்றிக் கொடுத்தால்தான் ஊசி எடுப்போம். அவரை எப்படிக் கழற்றச் சொல்வது? அவர் முதுகைக் காட்டி முழந்தாள் போட்டு உட்கார்ந்தார். பின்மண்டையில் முகமூடியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, தலையோடு வைத்து இரட்டை நூலில் தைத்தேன். அவசரத்தில் இரண்டு தடவை ஊசி தோலில் ஏறியது. அவர் அசையவில்லை. எழுந்து போய் ஆட்டத்தை முடித்தார். ஜெயித்தார் என்று நினைக்கிறேன், நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஃபாதரும் அவரும் மகனும் கடைக்கு வந்தார்கள். மாமியும் இருந்தார், ஜாக்கெட் கை பிடிக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்திருந்தார். முகமூடிக்காரர் என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நேத்து அந்த மூலையிலேருந்து பாக்கக்கூடியவங்க நீங்க ரெண்டு பேர்தான். உங்க சம்சாரம் கண்ணை மூடிக்கிட்டிருந்ததை இவர் மகன் பாத்தாராம்" என்றார் ஃபாதர். "நீங்க பாத்தீங்களான்னு கேக்கறார். நீங்க எதைச் சொன்னாலும் சரின்னு எடுத்துக்குவாராம்."

மகன் என்னைப் பார்க்கவில்லை. அளவு நோட்டின் மேல் அவர் விரல் இருந்தது, அழுத்தி அழுத்தி நகம் வெளுத்துப் போயிருந்தது.

நான் என்ன பார்த்தேன்? அன்றிலிருந்து இன்றுவரை கண்ணை மூடி மூடிப் பார்க்கிறேன். வெளிச்சத்தில் ஏதோ ஒரு கன்னம். உதட்டுக்கு மேலே வெள்ளையாக ஒரு கோடு, மீசை மாதிரி. அது மீசைதானா, விளக்கு பட்ட வியர்வையா, இல்லை அந்த முகமூடிக்குள் இன்ன மாதிரி முகம் இருக்கும் என்று இரண்டு நாளாக நான் நினைத்துவைத்திருந்ததா? கண்ணில் பட்டதெல்லாம் பார்த்ததாகுமா? இதையெல்லாம் ஃபாதரிடம் சொல்லி அவர் அதை அந்தப் பாஷையில் சொல்ல முடியுமா?

"இல்ல, நான் பாக்கல" என்றேன்.

அவர் மெதுவாகப் பேசினார், ஃபாதர் சொல்லிக்கொண்டே வந்தார். இவ்வளவு நாள் மகனுக்குக் கொடுக்காமல் தலையில் வைத்துக்கொண்டிருந்தேன், நேற்று அது என் தலையிலேயே போயிருந்தால் அவனுக்குக் கொடுக்க ஒன்றும் இருந்திருக்காது, இனிமேல் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டேன் என்றார். எழுந்தார். ஜாக்கெட் போட்டுப் பார்ப்பதற்கு மூலையில் ஒரு திரை கட்டியிருப்பேன். அப்பாவும் மகனும் அதற்குள் போனார்கள். திரைக்குக் கீழே நாலு கால் மட்டும் தெரிந்தது.

முதலில் மகன் வெளியே வந்தார், பச்சை முகமூடியோடு. துணி தளர்ந்திருந்தது, அளவு குறைக்க வேண்டும். பின்னால் அப்பா வருகிற காலடி கேட்டது. நான் மிஷின் மேல் குனிந்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தேன்.

"மாஸ்டர், இப்ப பாக்கலாம்" என்றார் ஃபாதர். "இனிமே அவர் சாதாரண ஆளுதான். உங்களுக்குக் கை கொடுக்கறதுக்கு நிக்கறார்."

கையை நீட்டினேன். தலையை நிமிர்த்தவில்லை. அந்த முகத்தைப் பார்த்து, அதில் வெள்ளை மீசை இருந்துவிட்டால் நான் சற்று முன் சொன்னது பொய்யாகிவிடும், அங்கே தளர்ந்த முகமூடியோடு நிற்கிற பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது. அவர் என் கையைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கினார். மரியாதைக்குக் குனிந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ, திமிர் என்று நினைத்தாரோ தெரியாது. மகனுக்கு அளவு குறைத்து, ஹூக்கை எல்லாம் பிரித்துப் போட்டுக் கயிறு கோத்துக் கொடுத்தேன். அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே அந்தப் பேர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அது நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் ஓடுகிறது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதா, பயப்படுவதா என்பதும் எனக்குப் புரிந்தபாடில்லை.

மாமி பார்த்தார். திரைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாரே. அவர்கள் கார் சந்து முனையைத் தாண்டுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "ஏண்டா, என்ன முகம் தெரியுமா அது" என்றார். கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன். அதிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல், ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் அந்தப் பேச்சை எடுப்பார், நான் நிறுத்துவேன். மீசை இருந்ததா மாமி என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், என் குழப்பம் தீர்ந்துவிடும். எத்தனையோ தடவை அது நாக்கு நுனிவரை வந்திருக்கிறது.

கடைசியில் மாமி ஆதம்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். படுக்கையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, முன்பக்கம் திறக்கிற மாதிரி தளர்வாக இரண்டு ஜாக்கெட் தைத்து நானே எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நான் போயிட்டா அப்பறம் உனக்குச் சொல்றதுக்கு ஆள் கிடையாதுடா. இப்பவாவது சொல்லிடட்டுமா?"

"வேண்டாம் மாமி."

"சரி, வேண்டாம். நீயாவது சொல்லு. அன்னிக்கு நீ பாத்தியா, பாக்கலையா?"

மகள் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரியல மாமி" என்றேன்.

"அது போறும்" என்றார் மாமி. அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தார். சொல்லாமலேதான் போனார்.