எமிலியின் கலியாணச் சட்டையில் மஞ்சள்

போன வெள்ளிக்கிழமை ஒரு பொய் சொன்னேன். இந்த வயதில்... அதுவும் மனைவியிடம்.

எங்கள் மகன் கட்டவிருந்த பெண் எமிலி, கனடாக்காரி. தன் பூட்டியின், அதாவது பாட்டியின் அம்மாவின், கலியாணச் சட்டையைத்தான் போடுவேன் என்று நின்றாள். எண்பது வருடத்துக்கு மேல் பழசான வெள்ளைப் பட்டுக் கவுன். தாடையை முட்டும் லேஸ் கழுத்து, மணிக்கட்டுவரை கை, முதுகு நெடுகக் குட்டிக் குட்டிப் பொத்தான்கள். இடுப்போ, என் இரண்டு கைகளுக்குள் அடங்கும்! மணமகளும் மூச்சு விடுவாள் என்பது அந்தக் காலத்துத் தையற்காரர்களுக்குத் தோன்றவேயில்லையா?

இடுப்பைப் பெருப்பிக்கச் சட்டை, கனடாவில் மில்லிக்கன் என்ற இடத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தது. தைத்தது என் மனைவி.

தையல் முடிந்து அவள் கடைக்குப் போன நேரம், நான் மஞ்சளைக் குழைத்துக் கீழ்விளிம்பின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்தேன். புதுத்துணி உடுக்கமுன் நாங்கள் வைப்பதுதானே? எமிலிக்கு அது புதுசுதானே?

மெல்லிய பட்டு. மஞ்சள் வெளியே ஊறிவிட்டது. பதறிப்போய்ச் சோப்புப் போட்டேன் — சிவந்துவிட்டது! யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவன் நான். சோப்பிலுள்ள காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று எத்தனை வகுப்புகளுக்குச் செய்து காட்டியிருப்பேன்...

மனைவி வந்தாள்.

“உதென்ன?”

“அது... பழைய கறை. அந்தக் காலத்திலேயே பட்டிருக்கும்.”

விளிம்பை முகர்ந்து பார்த்தாள். “ஓமோம், அந்தக் காலத்து வெள்ளைக்காரி மஞ்சள் பூசித்தான் கலியாணம் கட்டினவள்! விடிஞ்சால் சேர்ச்சிலை கலியாணம். அந்தப் பிள்ளை என்னத்தை உடுக்கிறது? எடுங்கோ போனை!”

போன் போட்டதும் எமிலி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், சோப்பையும் சேர்த்து. அவள் விளிம்பின் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே ஒரு துண்டு நீல ரிப்பன் தைத்திருந்தது. பூட்டி தைத்ததாம். மணமகளிடம் எங்காவது கொஞ்சம் நீலம் இருந்தால் நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை.

“அவ நீலம் வைத்தா, நீங்கள் மஞ்சள் வைத்தீர்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னவள், மகன் பழக்கிய தமிழில் முடித்தாள்: “பரவாயில்லை, மாமா.”

அப்பாடா!

நல்லது நடக்கட்டும் என்று துணிக்குள் எதையாவது ஒளித்து வைப்பதில் எந்த நாட்டுக்காரரும் சளைத்தவர்கள் இல்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை, அதே சட்டையில், கலியாணம் குறைவில்லாமல் நடந்தது. கறைக்காக எமிலி மன்னித்துவிட்டாள். பொய்க்கான விசாரணைதான் வீட்டில் இன்னும் முடியவில்லை.