இரண்டாவது மணி

செவ்வந்தி தன் புருஷனுக்கு இலை போட்டுப் பரிமாறியதைவிட, கூடவே ஓடிக்கொண்டு ஊட்டிவிட்டதுதான் அதிகம். புருஷன் தங்கசாமி சைக்கிள் வித்தைக்காரர். ஊர்ப் பொட்டலில் வட்டமாகக் கயிறு கட்டி, நடுவில் ஒரு கம்பத்தை நட்டு, ஏழு நாள் தரையில் கால் ஊன்றாமல் சைக்கிள் விடுவார். குளிப்பது, சட்டை மாற்றுவது, சாப்பிடுவது எல்லாம் சைக்கிள் மேலேதான். அவர் சுற்றுக்கு அவளும் சுற்றி, தயிர்ச்சோற்று உருண்டையை வாயில் வைத்துவிட்டு, செம்பை நீட்டிப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும். கல்யாணமான புதிதில் அவளுக்கு அது வெட்கமாக இருந்தது. வருஷம் போகப் போக வெட்கம் போய் மூச்சு வாங்கத் தொடங்கியது.

தங்கசாமிக்குச் சொந்த ஊர் உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில். வானம் பார்த்த பூமி, கூலிக்காரக் குடும்பம். இராமநாதபுரத்தில் ஒரு வாடகை சைக்கிள் கடைக்குப் பஞ்சர் ஒட்டப் போனவர், சைக்கிளோடு சைக்கிளாக ஒட்டிக்கொண்டார். சுதந்திரம் வந்த மறுவருஷம் முதல் ஆட்டம் போட்டார். ஒரு ஊருக்கு ஒரு சைக்கிள் இருந்தாலே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. அதில் ஒருவன் ஹாண்டில்பாரில் உட்கார்ந்து பின்பக்கமாக ஓட்டினால், தண்ணீர்க் குடத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு சுற்றி வந்தால், சனம் வாயைப் பிளக்காமல் என்ன செய்யும்? ஊருக்கு ஊர் தகரப் பதக்கம் குத்தினார்கள். பனியன் கிழிகிற அளவுக்குப் பதக்கம்.

ஐம்பதைத் தாண்டியதும் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஏழு நாள் ஐந்தாயிற்று, ஐந்து மூன்றாயிற்று, கடைசியில் ஒரே பகலில் வந்து நின்றது. ஒரு பகல் சைக்கிள் விட எதற்கு மைக் செட்டும் கொட்டும் என்று சனம் கேட்கும் அல்லவா? அதனால் மனுஷன் வேறொன்றைப் பிடித்தார். உயிரோடு குழியில் இறங்கி மூடிக்கொள்வது. அதற்குக் கால் வேண்டாம், உட்கார்ந்தால் போதும்.

நாலடி ஆழக் குழி. உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் இருக்கும். மேலே பலகை அடுக்கி, பாய் விரித்து, மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரம். மேலேயிருந்து உள்ளே ஒரு மூங்கில் குழாய் இறங்கும். மூச்சுக்காற்றும் அதில்தான், சங்கதியும் அதில்தான். குழாய்க்குள் ஒரு பருத்திக் கயிறு. அதன் கீழ்நுனி தங்கசாமியின் விரலில், மேல்நுனி ஒரு சைக்கிள் மணியின் நாக்கில். ஒரு மணி அடித்தால் நல்லாயிருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு அடித்தால் தோண்டு என்று அர்த்தம். மூன்று வருஷத்தில் அவர் இரண்டு அடித்ததே இல்லை.

போன வருஷம் பரமக்குடிப் பக்கத்தில் ஒரு ஊரில் குழியைத் திறந்தபோது தங்கசாமி நினைவில்லாமல் சாய்ந்து கிடந்தார். முகத்தில் தண்ணீர் அடித்து, உள்ளங்கால் தேய்த்து, கண் விழிக்க அரை மணி ஆயிற்று. அப்போதும் அவர் இரண்டு அடித்திருக்கவில்லை. எழுந்ததும் கேட்ட முதல் வார்த்தை, “கைதட்டுனாங்யளா?” என்பதுதான். செவ்வந்திக்கு வந்த ஆத்திரத்தில் அவரை மறுபடி குழியில் தள்ளி மூடலாமா என்றிருந்தது. ஊருக்கு வந்ததும் மங்களநாதர் சன்னிதியில் நிறுத்தி, இனிமேல் குழியில் இறங்குவதில்லை என்று கற்பூரத்தை அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

அந்தச் சத்தியம் பத்து மாசம் தாங்கியது. பெரியபட்டினத்திலிருந்து மஹ்மூது ஆட்டத்துக்குக் கூப்பிட வந்தார். சின்ன வயதில் தங்கசாமியின் ஏழு நாள் ஆட்டத்தைப் பார்த்துச் சொக்கிப் போனவர், இப்போது அந்த ஊர் விளையாட்டுச் சங்கத்துக்குத் தலைவர். தங்கசாமியின் கூடவே ஊர் ஊராகப் போய் மைக்கில் பேசுகிற கூத்தையாவும் அன்றைக்கு வந்திருந்தான்.

“சாயல்குடிப் பக்கம் ஒருத்தன் புதுசாக் கெளம்பிருக்கானாம்ணே. எட்டு நாள் ஓட்டுறானாம்,” என்றான் கூத்தையா.

தங்கசாமி எழுந்து போய் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார்.

“சாமி முன்னால சொன்னதெல்லாம் காத்துல போச்சா?” என்றாள் செவ்வந்தி.

“இதுதான் கடைசி, செவ்வந்தி.”

“போன தடவையும் இதுதான் கடைசி. அதுக்கு முந்தியும் இதுதான் கடைசி. எத்தன கடைசிங்க ஒரு மனுசனுக்கு?”

“நல்லா ஆட்டத்தக் காட்டிட்டு வெலகணும். பரமக்குடியில மயங்கிக் கெடந்தவன்னு பேரோட வெலகச் சொல்றியா? ஒரு தடவ முழுசா இருந்துட்டு எந்திரிச்சு வாரேன். அப்புறம் நீ சொல்றதக் கேக்குறேன்.” பிறகு சைக்கிளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் ரெண்டு மணி அடிக்காம எவனாச்சும் மம்பட்டியத் தொட்டா, அது நீயாவே இருந்தாலும் சரி, அன்னைக்கோட நமக்குள்ள ஒண்ணுமில்ல.”

முப்பது வருஷம் கூட ஓடியவளிடம் சொல்கிற பேச்சா இது? ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது அவளுக்குத் தெரியும், சத்தியத்தைத் தவிர.

பெரியபட்டினத்தில் கடற்கரைக்குச் சற்று உள்ளே ஒரு மணல் பொட்டல். காலையிலேயே குழி தோண்டிவிட்டார்கள். கரிசலிலும் செம்மண்ணிலும் கடப்பாறை போட்டுப் பழகிய கூத்தையாவுக்கு, மம்பட்டியை வைத்ததும் வழிவிட்ட மணலைப் பார்த்து ஒரே சந்தோஷம். மணல் சரியாமல் இருக்க நாலு பக்கமும் பனையோலைத் தட்டி நிறுத்தினான். தங்கசாமி அடிமண்ணைக் கையால் அள்ளிப் பார்த்தார்.

“ஈரமாச் சில்லுனு இருக்கு. இதுல ரெண்டு மணி நேரங்கூட இருக்கலாம்,” என்றார்.

தண்ணீருக்கு ஏங்கிய ஊர்க்காரர். அவர் ஊரில் அறுபதடி தோண்டினாலும் கிணறு கண்ணைத் திறக்காது. தண்ணீர் இல்லாமல் மாடு செத்ததை, மனுஷன் செத்ததை அவர் பார்த்திருக்கிறார். தண்ணீர் தானாக ஏறி வரும் என்று அவருக்கு யார் சொல்வது?

காலையில் சைக்கிள் விட்டார். ஒரு வளைவில் முழங்கால் மடங்கி, கால் தரையைத் தொடப் போனது. எப்படியோ சமாளித்துக்கொண்டார். கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். உச்சிப்பொழுதுக்குப் பதக்கமெல்லாம் குத்திய பனியனோடு குழிக்குள் இறங்கினார். பலகை வைக்கும் முன்பு மைக்கைக் கேட்டு வாங்கி, இரண்டு மணி அடிக்காமல் யாரும் குழியைத் தொடக்கூடாது என்று ஊரறியச் சொன்னார். செவ்வந்தியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

மூடினார்கள். செவ்வந்தி மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது எப்போதும் அவளுடைய இடம். கூட்டம் பத்தடி தள்ளி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. முதல் மணி கிணிங்கென்று கேட்டதும் கைதட்டல் எழும்பியது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. கூத்தையா மைக்கில் பூமிக்குள் இருக்கும் புலி என்றான், சிங்கம் என்றான்.

அரை மணி ஆகியிருக்கும். கயிற்றைத் தாண்டி ஒரு அம்மாள் வந்தாள். இடுப்பில் வெறுங்குடம், தலையில் முக்காடு. பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி. காலையில் செவ்வந்திக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தவள்.

“ஏ புள்ள, இந்த மனுசன எங்கன எறக்கியிருக்கீக? எவ்வளவு ஆழம்?”

“நாலடிக்கா.”

ரம்ஜான் பீவி குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். “யா அல்லா! இன்னிக்குப் பெறை பதினாலு. கடல் ஏறுனா இங்கன ஊத்தும் ஏறும். காலையில எங்க ஊத்துல கொட்டாங்கச்சி வச்சுச் சொரண்டுனேன். இப்பப் போனா முழங்கால் தண்ணி. அந்தா தெரியுது பாரு, இருவது எட்டு கூட இல்ல.”

பிறை பதினாலு என்றால் பௌர்ணமி. தண்ணீர் எங்கே எப்போது ஊறும் என்று குடம் தூக்குகிறவளுக்குத்தான் தெரியும், சங்கத் தலைவருக்கு எங்கே தெரியும்? செவ்வந்தி மூங்கில் வாயில் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். நனைந்திருந்தது. விரலில் ஈரம் ஒட்டியது. நாக்கில் வைத்தால் லேசாக உப்புக் கரித்தது.

குழாயில் வாயை வைத்து, “என்னங்க! தண்ணி வருதா?” என்று கத்தினாள். கூத்தையாவின் மைக்கும் கொட்டும் சேர்ந்து காதை அடைத்தன. உள்ளேயிருந்து ஏதோ முனகலா, காற்றா, தெரியவில்லை. பிறகு மணி அடித்தது.

ஒன்று.

அவள் அடுத்ததற்குக் காத்திருந்தாள். வரவில்லை. கூட்டம் கைதட்டியது.

எழுந்து கூத்தையாவிடம் ஓடினாள். “உள்ள தண்ணி ஏறுது. தோண்டச் சொல்லு.”

“அண்ணே இப்பத்தான் ஒண்ணு அடிச்சாரு, மதினி. நல்லாத்தான் இருக்காரு. ரெண்டு அடிக்காமத் தொட்டா என்னைய உயிரோட விடமாட்டாரு. ஊரே கேட்டுச்சுல்ல?”

திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி மணி. ஒன்று. இந்தத் தடவை மணியின் நாக்கு திரும்பாமல் பாதியில் நின்று, மெதுவாக இழுத்துக்கொண்டே பழைய இடத்துக்குப் போனது. அதை அவள் பார்த்தாள், ஆனால் பார்த்ததாக மனசில் பதியவில்லை. மனசு முழுக்கக் கோபம். மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு நல்லாயிருக்கிறேன் என்று அடிக்கிறாரே, என்ன மனுஷன் இவர்! நாலு பேர் சிரித்ததற்கு உயிரைக் கொடுப்பாரா? தகரத்துக்கா? எட்டு நாள் ஓட்டுகிற எவனோ ஒருவனுக்கா? முப்பது வருஷம் கூடவே ஓடியவள் இங்கே உட்கார்ந்திருப்பது அவருக்கு ஒரு கணக்கே இல்லையா?

தோண்டச் சொன்னால் அவர் முகத்தில் அவள் முழிக்க முடியாது. சொல்லாவிட்டால் முழிக்க முகமே இருக்காது.

மணி இன்னும் ஒருமுறை, ஒன்றே ஒன்று, சோர்வாக அடித்தது. அவ்வளவுதான், அவளால் தாங்க முடியவில்லை. முந்தானையை இழுத்து மணிமேல் போட்டாள். முந்தானைக்குள் கையை விட்டு, கட்டை விரலால் நாக்கைத் தட்டினாள். கிணிங். கையை எடுக்காமல் இன்னொன்று. கிணிங்.

எதிரே நின்ற ரம்ஜான் பீவி அந்தக் கையைப் பார்த்தாள். கண் இமைக்கிற நேரம்தான். பிறகு முக்காட்டைப் பிடித்துக்கொண்டு பொட்டலே அதிரக் கத்தினாள்.

“ரெண்டு மணி! ரெண்டு மணி கேட்டுச்சு! தோண்டுங்கப்பா, உள்ள தண்ணி!”

கூத்தையா மைக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். மஹ்மூது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையாலேயே மணலை வாரினார். பத்து மம்பட்டி விழுந்தது. செவ்வந்தியும் நகம் பிய்யப் பிய்ய வாரினாள். பலகையைத் தூக்கியபோது உள்ளே தரை தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. தட்டிகள் சாய்ந்து, ஈரமணல் இடுப்புவரை இறுக்கியிருந்தது. தங்கசாமி தாடையை உயர்த்தி, தலையைப் பலகையில் முட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் இருந்தார். நாலு பேர் அக்குளில் கை கொடுத்து இழுத்தும் மணல் விடவில்லை. தோண்டித்தான் எடுத்தார்கள்.

கரையில் போட்டதும் இருமினார், தண்ணீர் கக்கினார். உயிர் இருந்தது. யாரும் கைதட்டவில்லை. “ரெண்டு அடிச்சுட்டாரே பாவம்,” என்று ஒருவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. தங்கசாமி அதைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். செவ்வந்திக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் பயம். கண்ணைத் திறந்ததும் முதலில் தன்னைத்தான் பார்ப்பார், தான் அடிக்காத மணி எப்படி அடித்தது என்று ஊர் முன்னாலேயே கேட்பார் என்று நடுங்கிக்கொண்டிருந்தாள். ரம்ஜான் பீவி சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

வெயில் தாழ்ந்ததும் மஹ்மூது கூண்டு வண்டி பூட்டிக் கொடுத்தார். கூத்தையா சைக்கிளை ஓட்டிக்கொண்டு முன்னால் போனான். வண்டிக்குள் அவர்கள் இருவர் மட்டும். தங்கசாமி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பனைகளைப் பார்த்தபடி வந்தார். ஒரு கல் தூரம் போனது, இரண்டு கல் போனது. அவரே கேட்டுவிட்டால்கூடத் தேவலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

“செவ்வந்தி.”

“ம்.”

“எனக்கு அவமானமா இருக்கு. அடிச்சுட்டேன்.”

அவளுக்குப் புரியவில்லை. “என்னத்தங்க?”

“ரெண்டு மணி. மூணு வருசமா அடிக்காததை. தண்ணி தொப்புளுக்கு வந்ததுமே இழுத்தேன், ரெண்டு தடவ. ஒருத்தரும் வரல. மறுபடி ரெண்டு. அப்பவும் வரல. மேல கைதட்டுறது மட்டும் கேக்குது. நீ உக்காந்துருக்கியே, உனக்குக்கூடவா கேக்கலன்னு நெனச்சேன். கழுத்துக்கு வந்ததும் கை ஓஞ்சு போச்சு. கடைசியா இழுத்தேன். அப்புறந்தான் மண்ணு அசைஞ்சுச்சு.”

செவ்வந்தி வண்டிச்சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். பருத்திக் கயிறு. நனைந்து உப்பிய கயிறு மூங்கிலுக்குள் இறுகி, ஒரு இழுப்புக்குப் போனது மறு இழுப்புக்குத் திரும்பவில்லை. அந்த நாக்கு பாதியில் நின்றதை அவள் பார்த்தாளே! ஒவ்வொரு தடவையும் அவர் தோண்டு, தோண்டு என்று கெஞ்சியிருக்கிறார். அவள் மேலே உட்கார்ந்துகொண்டு வீம்பு பிடித்த மனுஷன் என்று வைதுகொண்டிருந்தாள்.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. நீங்க அடிச்சப்பல்லாம் ஒண்ணுதான் கேட்டுச்சு, ஊர் கேட்ட ரெண்டு மணி நான் அடிச்சது என்று சொன்னால் அவர் மனசிலிருந்து அந்தக் கல் இறங்கிவிடும். இறங்கினால், அடுத்த வருஷம் நல்ல கயிறாகப் பார்த்து வாங்குவார்.

“ரெண்டு அடிச்சவன் மறுபடி குழிக்குப் போகக் கூடாது,” என்றார் தங்கசாமி. “முடிஞ்சுச்சு.” பிறகு சின்னப்பிள்ளைபோல அவள் முகத்தைப் பார்த்தார். “கடைசியா அடிச்சது நல்லாக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சுங்க,” என்றாள் செவ்வந்தி. “ரெண்டும் நல்லாக் கேட்டுச்சு.”