அசோகனின் வோல்வோவும் பிரிஜெட்டுக்குக் கிடைத்த வணக்கங்களும்

லிங்கராஜபுரம் மூன்றாவது கிராஸில் அசோகன் வீடு எது என்று கேட்டால், எந்த அசோகன் என்று திருப்பிக் கேட்பார்கள். ‘பீரோ கார்க்காரன்’ என்று சொன்னால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். இரும்புப் பீரோவைப் படுக்கப் போட்டு நாலு சக்கரம் மாட்டினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு கார். வெளிர்நீலம். 1986-ஆம் வருஷத்து வோல்வோ. பெங்களூரில் வோல்வோ என்றால் பஸ் என்று ஆனதெல்லாம் பிற்பாடு. அந்த பஸ்கள் வந்த பிறகு, “நம்மகிட்ட ஒரு வோல்வோ இருக்கு” என்று அசோகன் வாயைத் திறந்தால் போதும், “எந்த ரூட்டுல ஓடுது?” என்று கேட்பார்கள். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கார் வந்த கதை இதுதான். 1992-இல் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களை நிறுவ ஸ்வீடனிலிருந்து லென்னார்ட் என்று ஒரு இன்ஜினியர் வந்தார். இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய காரைப் பிரிய மனசில்லாமல் கப்பலில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார். அதற்கு டிரைவராகச் சேர்ந்தவன்தான் அசோகன். ஆறு வருஷம் ஓட்டினான். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் துரை வோல்வோ சரித்திரம் சொல்வார். பெங்களூர் சிக்னல் ஆயிற்றே, ஆறு வருஷத்தில் முழுச் சரித்திரமும் முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது.

சிநேகிதர்கள் இரண்டு பேர், நண்டுக்கு உறவு மாதிரி ஏதோ ஒரு பிராணியைத் தின்றுகொண்டே கார் கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று பேசிக்கொண்டார்களாம். முதல் கார் 1927-இல் வெளியே வந்தது. அசோகனுக்கு அதைவிடப் பிடித்தது பெல்ட் கதைதான். விமானத்தில் ஆபத்து வந்தால் விமானியை நாற்காலியோடு வெளியே தூக்கி எறிகிற இயந்திரம் செய்துகொண்டிருந்த ஒருவரைக் கூட்டிவந்து, காரில் இருக்கிறவனைப் பத்திரமாகக் கட்டிப்போட ஒரு வழி சொல்லப்பா என்றார்கள். 1959-இல் அவர் செய்ததுதான் தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்துப் போடுகிற பெல்ட். செய்துவிட்டு, எந்தக் கார் கம்பெனிக்காரன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கம்பெனி விட்டுவிட்டது. அசோகனுக்கு இந்த இடத்தில் எப்போதும் நெஞ்சு இளகிவிடும். வீட்டில் புத்தர் படத்துக்குப் பக்கத்திலேயே அந்த மனுஷன் படத்தையும் மாட்டியிருப்பான். படம்தான் கிடைக்கவில்லை.

1998-இல் ஊருக்குத் திரும்பியபோது லென்னார்ட் காரை அசோகனுக்கே கொடுத்துவிட்டார். கண் கலங்கி இரண்டு சத்தியம் வாங்கினார். பெல்ட் போடாமல் யாரையும் ஏற்றக் கூடாது. விளக்கை அணைக்கக் கூடாது.

அந்த விளக்கில்தான் வந்தது வினை. இந்தக் காரில் சாவியைத் திருப்பினால் முன்விளக்கு தானாக எரியும். பகலானாலும் எரியும், அணைப்பதற்கு சுவிட்சே கிடையாது. ஸ்வீடனில் பட்டப்பகலிலும் விளக்குப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று சட்டம். நம் ஊரில் பகலில் விளக்கெரிய ஒரு வண்டி போனால், அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க யாராலும் முடியாது. பக்கத்து வீட்டில் கொள்ளை போனாலும் கதவைத் திறக்காதவன்கூட, எதிரே வருகிற வண்டியில் விளக்கு எரிந்தால் கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்து விரித்து மூடிக் காட்டுவான். ஆட்டோக்காரர், பால்காரர், பஸ்ஸுக்கு நிற்கிறவர், எல்லாரும் காட்டுவார்கள். அசோகனுக்கு ஆறு வருஷத்தில் அது பழகிவிட்டது. பின் சீட்டில் பேப்பர் படிக்கிற லென்னார்ட் கண்ணில் அது பட்டதே இல்லை.

இனி பிரிஜெட். அசோகனின் மனைவி. அவள் சர்ச்சுக்குப் போகிறவள், இவன் புத்த விஹாருக்குப் போகிறவன், காதலித்துக் கட்டிக்கொண்டார்கள். காதலை முதலில் சொன்னது இவன்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் பிரிஜெட் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டாள். அப்படி ஒரு கூச்சம். ரேஷன் கடையில் அவளுக்கு முன்னால் ஆள் நுழைந்துகொண்டே இருக்கும், இவள் நின்றுகொண்டே இருப்பாள். பஸ்ஸில் ‘ஹோல்டான்’ சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற ஸ்டாப் வரை போய் இறங்கி, வெயிலில் நடந்து திரும்புவாள். இருபது வருஷம் இப்படி.

கார் சொந்தமான முதல் ஞாயிற்றுக்கிழமை, மாம்பழ நிறப் புடவை கட்டி முன் சீட்டில் உட்கார்ந்தாள். அசோகன் பெல்ட் மாட்டிவிட்டான். புழுதி வருமென்று கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. வண்டி முனை திரும்பியதும் ஒரு டெய்லர், கடை வாசலில் நின்று கையை விரித்து விரித்து மூடினார். அடுத்து ஒரு பூக்காரம்மா. அடுத்து சைக்கிளில் வந்த ஒரு பெரியவர், ஹாண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையாலும்.

“ஏங்க, யாருங்க இவங்கல்லாம்? எனக்கு டாட்டா காட்டறாங்க?”

அசோகன் திரும்பிப் பார்த்தான். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி மலர்ந்து அவன் பார்த்ததில்லை. விளக்கு எரிகிறதென்று சொல்ல வாயெடுத்தவன் சொன்னான்: “தெரிஞ்சவங்கதான். உன்னைப் பார்த்துத்தான் வணக்கம் வைக்கிறாங்க.”

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அன்றைக்கு அவனுக்குக் கோழிக்குழம்பே கிடைத்தது.

பிரிஜெட் கூச்சத்தோடு ஒரு விரலை அசைத்தாள். அடுத்த வாரம் முழுக் கையையும் அசைத்தாள். ஒரு மாதத்தில், கம்மனஹள்ளி ரோட்டில் இருபுறமும் ராணி மாதிரி கையாட்டிக்கொண்டு போனாள். ஊரே வணக்கம் வைக்கிற பொம்பளை எதற்கு ரேஷன் கடையில் பின்னால் நிற்க வேண்டும்? “ஏம்மா, நான் என்ன சும்மா நிக்கறேனா?” என்று ஒருநாள் கேட்டாள். வரிசை தானாக நேரானது. தண்ணீர் வராத வாரம் ஆபீசுக்கே போய் லாரி கொண்டுவந்தாள். பஸ்ஸில் அவள் சொன்ன ‘ஹோல்டா’னுக்கு டிரைவர் திடுக்கிட்டுப் பிரேக் போட்டார். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி வண்டி ஓட்டிவிட்டு வருகிற அசோகனுக்கு, வீட்டில் தினம் ஒரு வெற்றிச் செய்தி காத்திருக்கும். அவனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொரு செய்தியோடும் அவன் சொன்ன பொய்யும் பெரிதாகிக்கொண்டே போனது.

2002 தொடக்கத்தில் விவகாரம் முற்றியது. மூன்றாவது கிராஸ் தெருவிளக்குகள் எட்டு மாதமாகப் பகலில் எரிந்து, பொழுது சாய்ந்தால் அணைந்துகொண்டிருந்தன. தெரு நலச் சங்கத்துக்குப் பதினோரு வருஷமாகத் தலைவர் கோவிந்தப்பா. நல்ல மனுஷன்தான், ஆனால் எதைக் கேட்டாலும் “ஆகுத்தம்மா, ஆகுத்தே” என்பார், ஆகிவிடும் என்று அர்த்தம். பதினோரு வருஷத்தில் ஒன்றும் ஆனதில்லை. பக்கத்து வீட்டு ஜோசஃபின்தான் கொளுத்திப் போட்டாள்: “பிரிஜெட்டக்கா, நீங்களே தலைவருக்கு நில்லுங்களேன்.”

“நிக்கறேன்” என்றாள் பிரிஜெட். “ரோட்டுல போற வர்றவங்கல்லாம் எனக்கு வணக்கம் வைக்கிறாங்க. தெருக்காரங்க கை தூக்க மாட்டாங்களா?”

அசோகனுக்குப் பகீர் என்றது. முழுப் பூசணிக்காயை மூன்று வருஷத்துக்கு மேல் சோற்றில் மறைத்தாயிற்று. இப்போது அதைத் தூக்கிக்கொண்டு பொதுக்கூட்டத்துக்குப் போகிறேன் என்கிறாள். அங்கே யாராவது உண்மையைப் போட்டு உடைத்தால், ரேஷன் வரிசையின் கடைசியில் நின்ற அந்தப் பழைய பிரிஜெட்டாகத் திரும்பி வருவாள். உண்மையைச் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம்.

யோசித்து யோசித்து, ஆப்பைப் பிடுங்கிய குரங்கு மாதிரி ஒரு காரியம் செய்தான். லென்னார்ட் துரையிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு விளக்கின் ஃப்யூஸைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். யாரும் கை காட்டவில்லையென்றால் அவளே ஆசையை விட்டுவிடுவாள் என்பது கணக்கு.

அந்த ஞாயிறு வண்டி கிளம்பியது. டெய்லர் துணி வெட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பூக்காரம்மா பூவையே பார்த்தாள். பிரிஜெட் தானாகக் கையாட்டிப் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒருவர், யாரோ பைத்தியம் என்று நகர்ந்துகொண்டார். சர்ச் போவதற்குள் அவள் கை மடியில் விழுந்துவிட்டது.

“கோவிந்தப்பா எல்லாரையும் அந்தப் பக்கம் இழுத்துட்டாரு போல” என்றாள், மெதுவாக.

அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை ரேஷன் கடையில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர் நுழைந்தார்கள், ஒன்றும் சொல்லவில்லையாம். புதன்கிழமை பஸ்ஸில் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வந்தாள். வியாழக்கிழமை காலையில், காரணம் எதுவும் சொல்லாமல் அசோகன் அவளைக் காரில் ஏற்றிச் சந்தைக்குக் கூட்டிப்போனான். ஃப்யூஸ் பழைய இடத்தில் இருந்தது. முனை திரும்பியதும் டெய்லர் கத்திரிக்கோலைக் கீழே போட்டுவிட்டுக் கையை விரித்தார். பால்காரர் காட்டினார். ஸ்கூட்டரில் எதிரே வந்த கோவிந்தப்பாவே காட்டினார்!

“பார்த்தீங்களா!” என்று பிரிஜெட் சீட்டிலேயே துள்ளினாள். பெல்ட் மட்டும் இல்லையென்றால் கூரையில் தலை இடித்திருக்கும். “எதிராளியே எனக்கு வணக்கம் வைக்கிறாரு!”

அசோகன் புத்தரையும் மாதாவையும் ஒன்றாக வேண்டிக்கொண்டான்.

கூட்டம் ஐந்தாவது கிராஸ் நர்சரி பள்ளியில், ஞாயிறு காலை. பெரிய நாற்காலி கிடையாது, எல்.கே.ஜி. நாற்காலிதான். நூற்றுச் சொச்சம் பெரிய மனுஷர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பிரிஜெட் எழுந்து பேசினாள். தண்ணீர் லாரி, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் சொல்லி, அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “இந்த ஏரியாவுல எனக்கு எவ்ளோ மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். கார்ல போனா வழிநெடுக வணக்கம் வைக்கிறாங்க” என்று முடித்தாள்.

கோவிந்தப்பா எழுந்தார். பாவம், அவருக்குக் கெட்ட எண்ணமில்லை, உண்மையாகவே விளக்கம் சொல்லத்தான் எழுந்தார்.

“நோடம்மா பிரிஜெட், இங்க பாருங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. யாரும் உங்களுக்கு நமஸ்காரம் வைக்கல. உங்க கார்ல பகல்ல லைட்டு எரியுது. ‘லைட்டு, லைட்டு’ன்னு கை காட்டறாங்க. வியாழக்கிழமை நானும் காட்டினேன். நீங்க டாட்டா சொல்லிட்டுப் போயிட்டீங்க.”

சிரிப்பு என்றால் அப்படிச் சிரிப்பு. இரண்டு எல்.கே.ஜி. நாற்காலிகள் உடைந்தன. பிரிஜெட் நின்ற இடத்திலேயே நின்றாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

“ஏங்க, நிஜமா?”

இன்னொரு பொய்க்கு இடம் இருந்தது. ஆனால் அசோகன் எழுந்து நின்றான். நாற்காலியும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. “ஆமா பிரிஜெட். லைட்டுக்குத்தான்” என்றான்.

மறுபடி சிரிப்பு. பிரிஜெட் முகம் சிவந்தது. வாசலைப் பார்த்தாள், புடவைத் தலைப்பைப் பிடித்தாள். ஓடிவிடுவாள் என்றுதான் அசோகன் நினைத்தான். அவள் ஓடவில்லை.

“சரி. எனக்குத்தான் வச்சாங்கன்னு நினைச்சேன், தப்பு என்னோடதுதான்” என்றாள். குரல் முதலில் நடுங்கியது. “ஆனா ஒண்ணு கேக்கறேன். மூணு வருஷத்துக்கு மேல முன்ன பின்ன தெரியாத ஜனங்க, யாரோ ஒருத்தர் பேட்டரி தீர்ந்துடக் கூடாதுன்னு, செய்யற வேலையை விட்டுட்டுக் கை காட்டியிருக்காங்க. நம்ம தெருவுல எட்டு மாசமா பகல்ல லைட்டு எரியுது. தினம் அதுக்குக் கீழதானே போறோம்? நம்மில யாராவது யாருக்காவது கை காட்டினோமா? கோவிந்தப்பண்ணா, எங்க கார் லைட்டு உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. தெருலைட்டு தெரியலையா?”

கோவிந்தப்பாவின் வாய் “ஆகுத்...” என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றது.

வீட்டுக்கு ஒரு கை என்று எண்ணினார்கள். கோவிந்தப்பாவுக்கு நாற்பத்தேழு. பிரிஜெட்டுக்குக் கை தூக்கச் சொன்னதும் ஜோசஃபின் கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்து விரித்து மூடினாள். பக்கத்தில் இருந்தவளும் அப்படியே செய்தாள். பிறகு அந்த வரிசை முழுக்க, பிறகு மண்டபம் முழுக்க. விரித்து மூடுகிற கைகளை எண்ணுவது சுலபமில்லை, மூன்று தரம் எண்ணினார்கள். அறுபத்தொன்று.

காரில் ஏறியதும் பிரிஜெட் தானே பெல்ட் மாட்டிக்கொண்டாள். “நேரா வீட்டுக்கு வேணாம். ஒரு ரவுண்டு போங்க” என்றாள். அசோகன் வண்டியைத் திருப்பினான். ஜெயித்தது சங்கத்தில்தான், வீட்டுக் கூட்டம் இனிமேல்தான்.

“முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?”

“உன் முகத்தைப் பார்த்தேன். சொல்ல மனசு வரல.”

“அந்த ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் யாரும் கை காட்டலையே, அது எப்படி?”

“ஃப்யூஸைப் புடுங்கினேன்.”

அவன் தொடையில் நன்றாக ஒரு கிள்ளு விழுந்தது. வண்டி சற்றே வளைந்து நேரானது. “அந்த நாலு நாள் நான் செத்தே போயிருந்தேன், தெரியுமா?” என்றாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்தது. “இனிமே அதுல கை வச்சீங்கன்னா பாருங்க.”

“சத்தியமா வைக்க மாட்டேன்.”

முனையில் அந்த டெய்லர் நின்றிருந்தார். காரைப் பார்த்ததும் கையைத் தூக்கி விரித்து விரித்து மூடினார். பிரிஜெட் அசோகன் கையைத் தட்டி வண்டியை மெதுவாக்கச் சொன்னாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணாடியை இறக்கினாள். புழுதியும் வெயிலும் உள்ளே வந்தன, கூடவே டெய்லரின் குரலும் வந்தது.

“அக்கா, லைட்டு! லைட்டு எரியுது!”

“தெரியும்ணா!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள் பிரிஜெட். “அது எரியட்டும். உங்களுக்கு ரொம்ப வணக்கம்!”